கிண்டி சிவிலிலிருந்து கார்னகி மெலன் டீன் வரை: ராஜ் ரெட்டியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவனிடம் மாணவர்கள் பாடத்தைப் பற்றிக் கேட்பது குறைவு, வாழ்க்கையைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். "சார், சிவில் எடுத்துட்டேன், கம்ப்யூட்டர் பக்கம் போக முடியுமா?", "வாத்தியார் வேலையில் என்ன சார் இருக்கு?" என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் ராஜ் ரெட்டியின் கதையைத்தான் ஆரம்பிப்பேன். அப்படிச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை.

யார் இந்த ராஜ் ரெட்டி?

முழுப் பெயர் தப்பால ராஜகோபால் ரெட்டி. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியை 1960-களிலேயே தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே ரோபாட்டிக்ஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி 1979 முதல் 1991 வரை அதன் இயக்குநராக இருந்தார். பிறகு 1999 வரை கணினி அறிவியல் பள்ளியின் ('ஸ்கூல்' என்று அங்கே சொல்லும் பல்கலைக்கழகப் பிரிவு) டீன். 1994-இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் சேர்ந்து டூரிங் விருது பெற்றார். கணினித் துறையில் அதற்கு மேல் விருது கிடையாது. ஆசிய வம்சாவளியில் அதை முதலில் வாங்கியவர் இவர்தான்.

தமிழரா?

இல்லை, தெலுங்கர். 1937 ஜூன் 13 அன்று சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஊர் அந்தப் பக்கம் போனது, கல்லூரி மட்டும் இந்தப் பக்கம் அமைந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 1958-இல் பி.இ. முடித்தார். அண்ணா பல்கலைக்கழகம் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன; பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது.

குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காகிதமும் பென்சிலும் இல்லாமல் மணலில் எழுதிப் பழகியதாகச் சொல்லியிருக்கிறார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தாத்தாக்கள் சொன்னதும் அதேதான் என்பதால் இது நமக்கு ஆச்சரியமாகத் தோன்றாது. ஆனால் மணலில் 'அ' எழுதிய கை முப்பது வயதுக்குள் ஸ்டான்ஃபோர்டில் பாடம் எடுக்கப் போய்விட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் வரும்.

சிவில் படித்தவர் எப்படிக் கம்ப்யூட்டருக்கு வந்தார்?

வேறு வழியே இல்லை என்பதுதான் பதில். 1958-இல் கணினி அறிவியல் என்று ஒரு பட்டம் இந்தியாவில் எங்கேயும் கிடையாது. அமெரிக்காவிலேயே முதல் கணினி அறிவியல் துறை 1962-இல்தான், பர்டியூ பல்கலைக்கழகத்தில் வந்தது. ஆகவே அந்தத் தலைமுறைக் கணினிக்காரர்கள் எல்லாரும் வேறு ஏதாவது ஒரு வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்: கணிதம், இயற்பியல், மின்பொறியியல், உளவியல்கூட. இவர் வந்த வாசல் சிவில்.

கிண்டி முடித்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1960-இல் எம்.டெக். வாங்கினார். அங்கே 'யூட்டெகாம்' என்று ஒரு கணினி 1956 முதல் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் செய்த 'ட்யூஸ்' வகை இயந்திரம் அது. உள்ளே வெற்றிடக் குழல்கள். நினைவகமோ பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒரு முனையில் ஒலித்துடிப்பைத் தட்டினால் அது பாதரசத்தின் ஊடாக நகர்ந்து மறுமுனைக்கு வரும். அதைப் பிடித்து மறுபடி முதல் முனையில் விடுவார்கள். அப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் வரைதான் ஞாபகம். அதில் மொத்தம் 402 'சொற்கள்'தான் (கணினி ஒரே மூச்சில் கையாளும் தரவுத் துண்டுக்கு அந்தப் பெயர்) கொள்ளும், இன்றைய கணக்கில் ஒன்றரை கிலோபைட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு வாட்ஸாப் ஸ்டிக்கரைக்கூட அதில் வைக்க முடியாது.

அப்புறம் மூன்று ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலேயே ஐ.பி.எம். வேலை. சம்பளம் வந்துகொண்டிருந்த அந்த வேலையை விட்டுவிட்டு 1963-இல் மறுபடி மாணவராகப் போனார் என்பதை என் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். போன இடம் ஸ்டான்ஃபோர்ட், வழிகாட்டி ஜான் மெக்கார்த்தி. 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே வைத்தவர் அவர். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் தனித் துறையானது 1965-இல், ரெட்டிக்கு பி.எச்டி. கிடைத்தது 1966-இல். துறையின் முதல் பிள்ளைகளில் ஒருவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பேச்சை அறியும் கணினி என்கிறார்களே, அதில் இவர் செய்தது என்ன?

நாம் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. எழுத்தில்தான் இடைவெளி, காதில் விழுவது ஒரே நீரோட்டம். 'நாளைக்கும்பல்' என்று ஒலி வந்தால் அது 'நாளைக்கும் பல் வலிக்கும்' என்பதன் தொடக்கமா, 'நாளை கும்பல் சேரும்' என்பதன் தொடக்கமா? கேட்கும் மனிதன் யோசிப்பதே இல்லை. கணினிக்கு இது பெரிய தலைவலி. போதாக்குறைக்கு ஒவ்வொருவர் குரலும் வேறு, வேகமும் வேறு.

1960-களில் இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு சொல், ஒரு நிறுத்தம், இன்னொரு சொல் என்று போயின. ரெட்டி தொடர்ந்து பேசும் பேச்சை எடுத்துக்கொண்டார். ஸ்டான்ஃபோர்டில் குரலால் கட்டளை சொன்னால் ஓர் இயந்திரக்கை கட்டைகளை எடுத்து வைக்கும் ஒரு செயல்விளக்கத்தை அவர் குழு செய்து காட்டியது. 1969-இல் கார்னகி மெலனுக்கு மாறிய பிறகு வந்தது 'ஹியர்சே'. அதன் முதல் வடிவம் வாயால் சொல்லும் சதுரங்க நகர்த்தல்களைப் புரிந்துகொண்டது. சதுரங்கத்தை எடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலகையில் காய்கள் இருக்கும் நிலையில் விதிப்படி எந்தெந்த நகர்த்தல் சாத்தியம் என்பது கணினிக்குத் தெரியும். ஆகவே காதில் விழுந்தது அரைகுறையாக இருந்தாலும், 'இந்த இடத்தில் ஆள் இதைத்தான் சொல்லியிருக்க முடியும்' என்று ஊகிக்கலாம். கல்யாண வீட்டு இரைச்சலில் பரிமாறுபவர் கேட்பது 'சாம்பாரா, ரசமா' என்று நமக்குப் பாதி சத்தத்திலேயே புரிகிறதே, அதே கதைதான்.

1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இலக்கு: ஆயிரம் சொற்கள் அறிந்து தொடர்பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி. கார்னகி மெலனில் அதற்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு முயற்சிகள் நடந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஒன்று ஹியர்சேயின் இரண்டாம் வடிவம். ஒரு கரும்பலகையைச் சுற்றிப் பல நிபுணர்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒலி தெரியும், ஒருவருக்கு அசை, ஒருவருக்குச் சொல், ஒருவருக்கு இலக்கணம். யாருக்கு எது தோன்றுகிறதோ பலகையில் எழுதுவார். மற்றவர் அதைப் பார்த்துத் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்வார். இந்த 'கரும்பலகை' அமைப்பு பேச்சைத் தாண்டிப் பல துறைகளுக்குப் போய்விட்டது. மற்றொன்று 'ஹார்ப்பி', புரூஸ் லோவர் என்ற மாணவருடைய ஆய்வு. நிபுணர்களும் விவாதமும் இல்லாமல், சொல்ல முடிந்த வாக்கியங்களை எல்லாம் ஒரே பெரிய வலைப்பின்னலாக முன்கூட்டியே பின்னி வைத்துவிட்டு அதில் வழி தேடுவது. தேடும்போது எல்லா வழிகளையும் நினைவில் வைக்காமல், இதுவரை நன்றாகப் பொருந்தி வரும் சில வழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை உதறிவிடுவது. 'நாளைக்கும் பல்', 'நாளை கும்பல்' இரண்டையும் கையில் வைத்திருப்பது, அடுத்து 'வலி' என்று காதில் விழுந்ததும் கும்பலைக் கீழே போடுவது. இந்த உத்திக்கு 'பீம் சர்ச்' என்று பெயர் வைத்தவர் ரெட்டி. இயந்திர மொழிபெயர்ப்பிலும் குரல்தட்டச்சிலும் அது இன்றும் ஓடுகிறது.

1976-இல் கணக்குப் பார்த்தபோது 1,011 சொற்களோடு இலக்கைத் தொட்டது ஹார்ப்பி. அழகு ஹியர்சேயில் இருந்தது, வெற்றி ஹார்ப்பிக்குப் போனது. இரண்டையும் வளர்த்த ஆள் ஒருவரே என்பதால் யார் பக்கம் நின்றார் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

நல்ல வழிகாட்டி என்கிறார்கள். அதற்கு என்ன சாட்சி?

அவருடைய மாணவர்கள்தான். ஜேம்ஸ் பேக்கர் 1970-களிலேயே இலக்கண விதிகளை ஒதுக்கிவிட்டு நிகழ்தகவுக் கணக்கால் பேச்சைப் பிடிக்க முயன்றார். அதற்கு 'டிராகன்' என்று பெயர் வைத்தார். பிறகு ஜேம்ஸும் அவர் மனைவி ஜேனட்டும் 1982-இல் தொடங்கிய நிறுவனத்துக்கும் அதே பெயர். மைக்ரோசாஃப்டின் ஆசிய ஆய்வுக்கூடத்தை நடத்திய ஹ்ஸியாவ்-வுவென் ஹோன், அந்த நிறுவனத்தின் பேச்சுப் பிரிவைத் தொடங்கிய ஷுவெடோங் ஹுவாங் ஆகியோரும் ரெட்டியின் பட்டறையில் வேலை பார்த்தவர்களே.

ஆனால் நான் எப்போதும் சொல்வது கை-ஃபூ லீயின் கதை. 1980-களில் லீ அங்கே ஆராய்ச்சி மாணவர். ரெட்டி அரசாங்கத்திடம் நிதி வாங்கி, நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதும் வழியில் ஒரு திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச காலம் அதில் உழைத்துப் பார்த்த லீக்கு நம்பிக்கை போய்விட்டது. புள்ளியியல் வழிதான் சரி என்று பட்டது. இதைப் போய் வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது? நம் ஊரில் பி.எச்டி. செய்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். கைடு சொன்ன வழியை விட்டு விலகுகிறேன் என்று சொன்ன அன்றே ஆய்வு மூன்று வருடம் தள்ளிப்போன கதைகள் கேண்டீனுக்குக் கேண்டீன் உண்டு.

லீ சொன்னார். ரெட்டியின் பதிலை லீ பின்னாளில் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார்: உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் உனக்கு ஆதரவு தருகிறேன் என்பதே அதன் சாரம். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. லீ கேட்ட வழிக்குத் தேவையான கணினிகளும், பயிற்சிக்கான பேச்சுத் தரவும் வந்து சேர்ந்தன. 1988-இல் லீ செய்து முடித்த 'ஸ்பிங்க்ஸ்' ஏறத்தாழ ஆயிரம் சொற்களை, யார் பேசினாலும், இடைவெளி விடாமல் பேசினாலும், 96 சதவீதம் அளவுக்குச் சரியாகப் பிடித்தது. அதுவரை ஒவ்வொருவர் குரலுக்கும் கணினியைத் தனித்தனியாகப் பழக்க வேண்டியிருந்தது.

என் கணக்கில் ரெட்டியின் தலைமை என்பது இந்த ஓர் அறையில் நடந்த பேச்சுதான். மாணவன் தன் வழிக்கு எதிர்வழியில் போகிறான். அதற்கான செலவை ஆசிரியர் தன் திட்டக் கணக்கிலிருந்து தருகிறார். பின்னால் அவர் கட்டிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இதே குணத்தைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பேராசிரியர் பதவி வரிசை எப்படி?

அசிஸ்டென்ட், அசோசியேட், புரஃபசர். ரெட்டியை வைத்தே சொல்லிவிடலாம்: 1966-இல் ஸ்டான்ஃபோர்டில் அசிஸ்டென்ட் புரஃபசர், 1969-இல் கார்னகி மெலனில் அசோசியேட், 1973-இல் புரஃபசர், 1984-இல் 'யுனிவர்சிட்டி புரஃபசர்'. கடைசியாகச் சொன்னது ஒரு துறைக்குள் அடங்காமல் பல்கலைக்கழகம் முழுமைக்குமான மிக உயர்ந்த தகுதி. டீன், இயக்குநர் என்பவை இந்த ஏணியின் படிகள் அல்ல, பக்கத்தில் வைத்திருக்கும் வேறு நாற்காலிகள். உட்கார்ந்துவிட்டு எழுந்து வரலாம். எழுந்து வந்தபின் மறுபடி வெறும் பேராசிரியர், அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. நம் ஊரில் ஹெச்.ஓ.டி. அறையைக் காலி செய்வதை ஒரு துக்க நிகழ்ச்சியாக நடத்துகிறோம்.

ரோபாட்டிக்ஸ் நிறுவனம் ஏன் பிட்ஸ்பர்க்கில்?

பிட்ஸ்பர்க் இரும்பு ஊர். 1970-களின் இறுதியில் அந்த உருக்காலைத் தொழில் படுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் எப்படி மீளும் என்ற கவலை எல்லாருக்கும் இருந்த நேரம். உள்ளூரில் தலைமையகம் வைத்திருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பணம் தர, 1979-இல் நிறுவனம் பிறந்தது. இயக்குநர் ரெட்டி. பேச்சு ஆராய்ச்சியாளருக்கு ரோபாட்டில் என்ன வேலை என்று கேட்டால், கேட்பது, பார்ப்பது, நகர்வது எல்லாம் அவருக்கு ஒரே கேள்வியின் கிளைகள்.

இயக்குநர் செய்தது மூன்று வேலை: பணம் கொண்டுவருவது, ஆட்களைக் கொண்டுவருவது, அப்புறம் அவர்கள் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது. ஜப்பானிலிருந்து டக்கேயோ கனாடே 1980-இல் வந்தார். கணினிப் பார்வையில் பெரிய பெயர்; பின்னாளில் ரெட்டிக்கு அடுத்த இயக்குநரும் அவர்தான். 'ரெட்' விட்டேக்கர் என்பவர் ரெட்டியைப் போலவே சிவில்காரர். 1979 மார்ச்சில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்து, மனிதர் இறங்க முடியாத கதிரியக்கத்தோடு உலைக் கட்டடத்தின் அடித்தளம் கிடந்தது. 1984-இல் அதற்குள் இறங்கிப் பார்த்தது விட்டேக்கர் குழு செய்த சக்கர வண்டி. சிவில் படித்தால் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இப்படி இரண்டாவது உதாரணமும் கிடைத்துவிட்டது.

ரோபாட்டிக்ஸுக்கென்றே தனி பி.எச்டி. படிப்பு உலகில் முதலில் வந்தது இங்கேதான், 1988-இல். ரெட்டி இறங்கிய பிறகு, 1995-இல், இங்கே உருவான 'நேவ்லேப்' வண்டி பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியகோ வரை 2,849 மைல் போனது. அதில் 98 சதவீதத்துக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடித்தது கணினி. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மனிதர் காலில்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீனாக என்ன செய்தார்?

கார்னகி மெலனில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கியவர்கள் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், ஆலன் பெர்லிஸ். 1988-இல் அந்தத் துறை தனிப் பள்ளியாக உயர்ந்தது. முதல் டீன் நிக்கோ ஹாபர்மன், 1991 முதல் ரெட்டி.

அவர் காலத்தில் மொழித் தொழில்நுட்பத்துக்கு ஒரு நிறுவனம், மனிதர்-கணினி உறவுக்கு ஒரு நிறுவனம், மென்பொருள் ஆய்வுக்கு ஒன்று, தானாகக் கற்கும் கணினிகளுக்கு ஒரு மையம் என்று வரிசையாக முளைத்தன. கடைசியாகச் சொன்ன மையம் 1997-இல் தொடங்கி, 2006-இல் உலகின் முதல் 'மெஷின் லேர்னிங்' துறை என்று பெயர் மாற்றிக்கொண்டது. 90-களில் இவற்றில் பாதி விஷயங்களை 'இதெல்லாம் கணினி அறிவியலா?' என்று கேட்டவர்கள் உண்டு. பொதுவாக ஒரு துறை என்ன செய்யும்? புதிதாக ஒருவர் வந்தால் பழைய சண்டைக்குள் இழுத்து, ஓட்டெடுப்பில் தோற்கடித்து உட்காரவைக்கும். ரெட்டி காலத்துப் பள்ளி தனி அறையும் தனிப் பெயரும் கொடுத்தது. நீ உன் பாடத்திட்டத்தை எழுது, உன் ஆட்களை எடு, உன் மாணவரை நீயே தேர்ந்தெடு. லீயிடம் காட்டிய குணம்தான், இந்தத் தடவை கட்டடத்தின் அளவில்.

அப்படியானால் அங்கே மாணவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லையா?

கேட்பார்கள். அதற்கு ஒரு நாளே உண்டு. கணினி அறிவியல் துறையில் பருவத்துக்கு ஒரு முறை, அதன் இறுதியில், ஆசிரியர்கள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு பி.எச்டி. மாணவரைப் பற்றியும் பேசுவார்கள். இந்த ஆறு மாதத்தில் என்ன செய்தார், அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று. முடிந்ததும் மாணவருக்குக் கடிதம் போகும். அந்த நாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கருப்பு வெள்ளி'. பெயர் பயமுறுத்தினாலும் ஏற்பாட்டில் பெரிய நன்மை உண்டு: ஒரு மாணவரின் கதி ஒரே வழிகாட்டியின் கோபத்தில் தொங்குவதில்லை. இருபது பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்றால் கைடும் யோசித்துத்தான் பேசுவார். இது ரெட்டி கண்டுபிடித்தது அல்ல, துறையின் பழைய வழக்கம். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

பாரிஸில் ஏதோ விருது வாங்கினாராமே?

1980-களின் தொடக்கத்தில், வளரும் நாடுகளுக்குக் கணினியைக் கொண்டுபோக வேண்டும் என்று பாரிஸில் ஓர் உலக மையம் அமைத்தார் பத்திரிகையாளரும் அரசியல்வாதியுமான செர்வான்-ஷ்ரைபர். ரெட்டி அதன் தலைமை விஞ்ஞானி. செனகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்துப் பார்த்தார்கள். மையம் நெடுநாள் நிற்கவில்லை. ரெட்டிக்கு 1984-இல் பிரான்சின் லெஜியன் ஆஃப் ஆனர் கிடைத்தது. இந்தியா பத்ம பூஷண் கொடுத்தது 2001-இல்.

அவர் சொன்ன ஆரூடங்கள் பலித்தனவா?

1987 முதல் 1989 வரை அவர் அமெரிக்கச் செயற்கை நுண்ணறிவுச் சங்கத்தின் தலைவர். அப்போது ஆற்றிய தலைமையுரையில் துறையின் முன்னால் சில பெரிய சவால்களை வைத்தார்: உலக வாகையரை வெல்லும் சதுரங்கக் கணினி, விபத்தைத் தவிர்க்கும் கார், இரண்டு மொழிக்காரர்கள் பேசிக்கொள்ளும் மொழிபெயர்ப்புத் தொலைபேசி, கணிதத்தில் புதிய கண்டுபிடிப்பு, தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் அமைப்புகள் என்பவை அதில் இருந்தன. சதுரங்கம் 1997-இல் முடிந்தது. காஸ்பரோவைத் தோற்கடித்த 'டீப் புளூ'வின் வேர் கார்னகி மெலன் மாணவர்கள் செய்த 'டீப் தாட்'டில் இருக்கிறது. கார், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மொழிபெயர்ப்புத் தொலைபேசி இப்போது நம் சட்டைப்பையில் கிடக்கிறது, தமிழில் சிலசமயம் உளறினாலும். கடைசி ஒன்றை அவசரப்படுத்த வேண்டாம்.

பழைய தமிழ்ப் புத்தக ஸ்கேன்களுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இணையத்தில் தேடித் தேடி எடுத்த 1920-களின் தமிழ்ப் புத்தகம் ஒன்றின் கோப்புப் பெயரில் 'டி.எல்.ஐ.' என்று இருந்தால், அது இந்திய மின்னூலகத் திட்டத்தின் ஸ்கேன். அது ரெட்டியும் கார்னகி மெலன் சகாக்களும் தொடங்கிய 'பத்து லட்சம் புத்தகம்' திட்டத்தின் இந்தியக் கிளை. இங்கே முன்னின்று நடத்தியது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ந. பாலகிருஷ்ணன். இந்தியாவிலும் சீனாவிலும் ஸ்கேன் மையங்கள் வைத்து, 2007-க்குள் 15 லட்சம் புத்தகங்களைத் தாண்டினார்கள்.

குறைகளும் உண்டு. வளைந்த பக்கங்கள், விட்டுப்போன பக்கங்கள், யாரும் படிக்க முடியாதபடி ரோமன் எழுத்தில் அடித்த தலைப்புகள். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. தப்பாக எப்படி அடித்திருப்பார்கள் என்று ஊகித்துத் தேடினால் கிடைக்கும். இருந்தாலும் செல்லரித்துக்கொண்டிருந்த நூலகப் பிரதிகள் பல இன்று படிக்கக் கிடைப்பது இதனால்தான். எண்ணிக்கையை முதலில் எட்டிவிடு, ஒழுங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு இதில் தெரிகிறது. நூலகர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு முழுச் சம்மதம் இல்லைதான், ஆனால் அந்த ஸ்கேன்களைப் பயன்படுத்தாத வாரமில்லை.

ஊருக்கு என்ன செய்தார்?

ஐதராபாத் ட்ரிபிள் ஐ.டி.யின் ஆட்சிக் குழுத் தலைவராக இருந்தார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2008-இல் அன்றைய ஆந்திர அரசு தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். முதல் வேந்தர் ரெட்டி. தொடக்கத்தில் நூஸ்வீடு, இடுபுலபாயா, பாசர் என்று மூன்று வளாகங்கள், மூன்றும் பெருநகரத்துக்கு வெளியே.

நுழைவுத்தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை மதிப்பெண் அடிப்படையில் எடுத்து, ஆறு ஆண்டுகள் விடுதியிலேயே வைத்து பொறியாளர்களாக்கி அனுப்புவது ஏற்பாடு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் புள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருந்தால் கோச்சிங் சென்டர் வாசலில் ஏழைப் பிள்ளை தோற்றுவிடும், அதனால் பத்தாவதிலேயே பிடி என்பது இதன் தர்க்கம். முதல் ஆண்டே ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். அவ்வளவு பேருக்கு ஆசிரியர்கள் எங்கே? மடிக்கணினியும் பதிவு செய்த பாடமும் கைகொடுக்கும் என்று நம்பினார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்பது வாத்தியாராக என் எண்ணம். இந்த இடத்தில் அவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பத்தாவதிலேயே பிடித்ததில் முழு ஒப்புதல்.

இவ்வளவு நிர்வாகத்துக்கு நடுவே ஆராய்ச்சி தேய்ந்து போகாதா?

போகும். ஹியர்சே, ஹார்ப்பி காலத்து ரெட்டிக்கும் டீன் ரெட்டிக்கும் வித்தியாசம் உண்டு. பின்னாளைய கண்டுபிடிப்புகளில் அவர் பெயருக்கு முன்னால் மாணவர் பெயர்தான் வரும். 1999 முதல் 2001 வரை அமெரிக்க அதிபருக்குத் தகவல் தொழில்நுட்பம் குறித்து ஆலோசனை சொல்லும் குழுவின் இணைத் தலைவராகவும் இருந்தார். அந்த நாட்களில் உட்கார்ந்து நிரல் எழுதியிருப்பாரா என்ன? டூரிங் விருதே அவருக்குப் பெரிய அளவிலான அமைப்புகளைக் கட்டியதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. ஒற்றைத் தேற்றத்துக்கு அல்ல.

அவர் வேலையைக் கண்ணால் பார்க்க எங்கே தொடங்கலாம்?

ஸ்டான்ஃபோர்ட் நாட்களில் எடுத்த அந்த இயந்திரக்கைப் படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு மேஜை, சில கட்டைகள், ஒரு மைக். ஆள் கட்டளையைச் சொல்கிறார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. வகுப்பில் போட்டுக் காட்டினால் இந்த இடத்தில் பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும். அப்புறம் கை மெல்ல எழும்பி, கட்டையின் மேல் வந்து நின்று, குனிந்து அதை எடுக்கும்.